வீட்டில் சுகர், பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்கு நடுவில் சி.எம்.சி., அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, கே.வி.குப்பத்தில் ரூசா, இந்தப் பக்கம் குடியாத்தம் அரசு மருத்துவமனை என்று எங்கே திரும்பினாலும் ஒன்று இருக்கிறது. வைத்தியத்துக்காகவே வடநாட்டிலிருந்து ரயில் ஏறி வருகிற குடும்பங்களைக் காட்பாடி ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் நம்ம தெருவிலேயே சுகரால் கால் விரலை எடுத்தவர், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனவர், டயாலிசிஸுக்கு வாரத்தில் பாதி நாளைக் கொடுத்துவிட்டு நிற்பவர் என்று விரல் விட்டு எண்ணலாம். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 1991-94ல் எடுத்த கணக்கையும் 2010-12ல் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சுகரும் பிரஷரும் கிராமத்திலேயே நன்றாக ஏறியிருப்பதைக் கண்டார்கள். டவுன்காரர்கள் வியாதி என்று சொல்லி ஒதுங்கின காலம் போய்விட்டது.

டாக்டர் பார்ப்பது மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் கூட்டத்தில் சில நிமிஷம்தான். மீதி நாள் முழுக்க அந்த வியாதி நம்ம வீட்டுச் சமையல்கட்டிலும் திண்ணையிலும்தான் இருக்கிறது. அந்த மீதி நாளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், இதை நிறைய வீடுகளில் பார்த்தாகிவிட்டது. மகளோ, மருமகளோ, காலேஜ் படிக்கிற பேரனோ, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணோ, யாராவது ஒருவர் "இது என் பொறுப்பு" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கையேடு அந்த ஒருவருக்காக.

முதலில் மருந்துப் பையைக் கொட்டுங்கள்

பெரியவர்களின் மருந்தெல்லாம் ஒரு மஞ்சப்பையிலோ பழைய பிஸ்கட் டப்பாவிலோ இருக்கும். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டுவிட்டு, நியூஸ்பேப்பர் விரித்து அதைக் கொட்டுங்கள். என்னவெல்லாம் வரும் தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டைகள், பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோய் வெறும் வெள்ளித்தாளாக நிற்கிற நாலு மாத்திரை, தனியார் டாக்டர் எழுதின கலர் அட்டை, எப்பவோ மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கினது, சொந்தக்காரர் யாரோ "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று கொடுத்த சூரணம், காலாவதியான இருமல் மருந்து, தாத்தா போன பிறகும் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருக்கிற அவருடைய மாத்திரை.

ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, எப்போது, யார் கொடுத்தது. கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் எழுத வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரஷருக்குக் கொடுத்த அம்லோடிபினும், தனியாரில் வேறொரு பெயரில் வாங்கின கலர் மாத்திரையும் ஒரே மருந்தாக இருக்கும். ஆயாவைக் கேட்டால், "ரெண்டு பேருமே நல்ல டாக்டருங்கதான்பா, ரெண்டையும் போட்டுக்கறேன்" என்பார். இரட்டை டோஸ் போய் காலும் வீங்கும், எழுந்தால் தலையும் சுற்றும், அந்தத் தலைச்சுற்றலுக்கு மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போய் இன்னொரு மாத்திரை வாங்கி வருவார்.

எழுதி முடித்ததும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நோட்டையும் பையையும் அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு டாக்டரிடம் போய், "இதில் எது வேணும், எது வேணாம்னு அடிச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே போதும். காலாவதியானதையும் இறந்தவருடையதையும் மட்டும் அன்றைக்கே எடுத்துவிடலாம்.

அந்தப் பையில் கண்டிப்பாக டாக்டர் கண்ணில் பட வேண்டியது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் எல்லாம் சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடுகின்றன. நாத்து நட்டு, களை எடுத்து, கீழே உட்கார்ந்து பீடி சுற்றித் தேய்ந்துபோன முழங்காலுக்கு அது ரெண்டு மணி நேரத்தில் சுகம் தருகிறது, அதனால்தான் விட மாட்டேன் என்கிறார்கள். ஆனால் அது பிரஷரை ஏற்றும், ஏற்கனவே சுகரால் அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் அடிக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால், சூட்டு ஒத்தடம், தொடைக்குப் பயிற்சி, கீழே உட்காராமல் நாற்காலி என்று வேறு வழி பிடியுங்கள். இன்னொன்று, டாக்டர் இல்லாத கிளினிக்குகளில் பெயர் எழுதாத பொட்டலத்தில் வருகிற மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும், அது சுகரைத் தாறுமாறாக ஏற்றிவிடும். பெயர் தெரியாத மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போடுங்கள்.

மாத்திரையைப் பிரித்து வைக்க ஏழு நாள் டப்பா மெடிக்கலில் கிடைக்கிறது. இல்லையென்றால் மூன்று சின்னச் சம்படம் போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒன்றில் கோழி, ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா என்று வரைந்து ஒட்டிவிடுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் இருக்கிற முனை கடைசியில் மிஞ்சுகிற மாதிரி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும், மெடிக்கலில் அரை அட்டை வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பிரஷர் என்றால் ரெண்டு கலர் டப்பா.

மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது

சுகர், பிரஷர் மாத்திரை நிற்பதற்குப் பெரிய காரணம் காசு, ரெண்டாவது பஸ். ரெண்டுக்கும் வழி இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கினது, கிராமத்துக்கு வருகிற தன்னார்வலர் அம்மா பிரஷரும் சுகரும் பார்த்து, ஏற்கனவே உறுதியானவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இதே திட்டத்தில் உண்டு. உங்கள் பெரியவர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவைக் கேளுங்கள். தனியாரில் காட்டுபவர்களும் அந்தச் சீட்டைக் காட்டி அரசில் இருக்கிற மருந்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அரசில் வாங்கின மருந்தையே தனியாரிலும் வாங்கக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அரசு மாத்திரைக்குப் பவர் இல்லை என்கிற பேச்சு நம் பக்கம் நிறைய. சுகருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான். சந்தேகமாக இருந்தால் அதையே மூணு மாசம் ஒழுங்காகப் போட்டுவிட்டு எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை எடுத்துப் பாருங்கள், மூணு மாசச் சராசரி அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், "சுகர் நார்மலுக்கு வந்துடுச்சு, அதான் நிறுத்திட்டேன்". இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. மாத்திரை போட்டதால் வந்த நார்மல் அது என்பதைப் பொறுமையாக, ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் பார்க்கும்போது

கையில் மேல்பக்கம் கட்டுகிற பிரஷர் மிஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை. டீயோ பீடியோ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்னுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் படுகிற மாதிரி அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ரவிக்கைக் கைக்கு மேலே கட்டாமல் வெறும் கையில் கட்டி, பேசாமல் எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தொடர்ந்து 140/90க்கு மேலே இருந்தால் டாக்டரிடம் காட்டும் நேரம். ஒரு நாள் 150 வந்ததற்காக நீங்களே இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு உட்கார்ந்தபடி ஒன்று, நின்று ஒன்று முதல் மூணு நிமிஷத்துக்குள் ஒன்று எடுங்கள். மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். பெரியவர்கள் ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பு உடைவதில் இதற்கும் பங்கு உண்டு. கட்டிலை விட்டு எழும்போது முதலில் உட்கார்ந்து, கொஞ்சம் நிதானித்து, அப்புறம் நிற்கப் பழக்குங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி ஒரு சின்ன லைட், சுவரில் பிடி, வழுக்காத தரை. இதற்கு ஆகும் செலவை இடுப்பு ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சுகர் எண்ணைப் பொறுத்தவரை, நாற்பது வயது மகனுக்குச் சொன்ன அளவு எண்பது வயது தாத்தாவுக்குப் பொருந்தாது. இளவயதில் எச்.பி.ஏ.1.சி. 7க்குக் கீழே என்பார்கள், தளர்ந்துபோன பெரியவர்களுக்கு 8 வரைக்கும் டாக்டர்களே விட்டுக்கொடுப்பார்கள், ஏனென்றால் வயதானவர்களுக்குச் சுகர் ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதுதான் உடனடி ஆபத்து.

இந்த லோ சுகரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். 70க்குக் கீழே போனால் லோ. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும். வயதானவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலே நேராகக் குழப்பமாக வரலாம்: ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, காரணமில்லாத கோபம், உளறல், மந்தமாக உட்கார்ந்துவிடுவது. காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகிற வீடுகளும் உண்டு. முதலில் சுகர் பாருங்கள். மிஷின் இல்லையா, லோ என்றே வைத்துக்கொண்டு மூணு டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ரெண்டு இட்லியோ ஒரு பிடி சாதமோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை போடுபவர்களுக்கு ஒருமுறை லோ ஆனால் சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு. அதனால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், ராத்திரி தனியாக விடாதீர்கள். இந்த வகை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் நம் வீடுகளில் லோ சுகருக்குப் பழகின காரணம். கிருத்திகை விரதம், அமாவாசை, ரேஷன் கடை வரிசை, கல்யாண வீட்டில் தாமதமாகிற பந்தி என்று சாப்பாடு தள்ளிப்போக நூறு காரணம் இருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ரம்ஜான் நோன்பு வைக்கிற பெரியவர்கள் நோன்புக்கு ஒன்றிரண்டு மாசம் முன்னாலேயே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரதம் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டால் ஒளித்து வைத்து இருப்பார்கள். டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள்.

வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் போகிற நாளும் இப்படித்தான். சில சுகர், பிரஷர் மாத்திரைகளை அந்த ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், இன்சுலினை மட்டும் நாமாக முழுசாக நிறுத்தக் கூடாது. எதை நிறுத்துவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்சுலின் போடுகிற வீடாக இருந்தால்

ஊசியின் மூடியைப் பாருங்கள். சிவப்பு மூடி ஊசி, 40 என்று போட்ட குப்பிக்கு. ஆரஞ்சு மூடி ஊசி, 100 என்று போட்ட குப்பிக்கு. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது அதே அளவுக்குக் குறையும். 100 குப்பி மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். மெடிக்கலில் ஊசி வாங்கும்போதெல்லாம் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

திறக்காத குப்பி பிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃபிரீசரில் வைத்தால் கெட்டுவிடும். திறந்தது வெயில் இல்லாத நாளில் வெளியே இருக்கலாம், பெரும்பாலான வகைகளுக்குக் கணக்கு நாலு வாரம், குப்பி மேலேயே திறந்த தேதியை எழுதிவிடுங்கள். ஆனால் சித்திரை வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள்ளே கேட்கவே வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானையில் மணலும் தண்ணீரும் விட்டு, நடுவில் சின்னப் பானை வைத்து, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் குப்பியை வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். வண்டி பெட்டியிலோ பஸ் ஜன்னல் ஓரத்திலோ இன்சுலினை வைத்துவிடாதீர்கள்.

காலைப் பாருங்கள், தினமும்

இந்தக் கையேட்டில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சுகர் பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை, நாற்றம் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

வலி இல்லாததே எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போன கையும் காலும் தெரியாமல் அடிபட்டு அடிபட்டுத்தான் அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்த வேலை தொடர்ந்தது. மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அப்படிப்பட்ட பாதங்களுக்காகப் பயன்பட்டது, இன்றைக்குச் சுகர் பாதத்துக்கும் அதுவேதான்.

பார்க்கும் முறை இதுதான். சாயங்காலம் வெளிச்சத்தில் ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். உள்ளங்காலைப் பாருங்கள், குதிகால் வெடிப்பைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், ஆணி, ஈரம், இதில் எது கண்ணில் பட்டாலும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். புண், சீழ், கருப்பு, ஒரு காலைவிட இன்னொரு கால் சூடாக இருப்பது என்றால் அன்றைக்கே. தனியாக இருப்பவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் பாதத்துக்குத் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். ஆணியை பிளேடால் சீவுவது, மரத்துப்போகிறது என்று சுடுதண்ணீரில் காலை வைப்பது, புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவது, மூன்றும் கூடாது.

திருவண்ணாமலை கிரிவலம் நமக்கெல்லாம் பக்கம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி போகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். 14 கிலோமீட்டர், வெறுங்காலில். உணர்ச்சி போன பாதத்தோடு அப்படி நடந்து, மறுநாள் உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்துத்தான் வீட்டில் பதறுவார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவர்களுக்கு உயிர் மாதிரி. கெட்டியான சாக்ஸ் போட்டு, வெயில் இறங்கின பிறகு, பாதி தூரமோ ஆட்டோவிலோ சுற்றி வரலாம், திரும்பி வந்ததும் காலைப் பாருங்கள். வெயில் காலத்தில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லுக்கும் இதே சாக்ஸ்தான். வீட்டுக்குள்ளும் ஒரு தனிச் செருப்பு போடட்டும், "வீட்டுக்குள்ள செருப்பா" என்று முகம் சுளிப்பவர்களுக்கு டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு

கேழ்வரகு களி சாப்பிட்டால் சுகர் வராது என்று நம் பக்கம் அடித்துச் சொல்வார்கள். கேழ்வரகு நல்ல தானியம், நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், ஆனால் அதிலும் மாவுச்சத்துதான். தண்ணியாகக் கரைத்துக் கூழாகக் குடித்தால் சுகர் சீக்கிரம் ஏறும். ஒரு உருண்டை களி, நிறையக் கீரைக் குழம்பு என்றால் சரி. மூணு உருண்டை என்றால் அது சோறு மாதிரியேதான். அளவுதான் விஷயம். தட்டில் பாதி காய் இருக்கட்டும், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எண்ணெய் குறைத்துச் செய்தால் மறுக்கவே மாட்டார்கள். பருப்பு, முட்டை, மீன் வேண்டும். சுகர் என்றதும் எல்லாவற்றையும் நிறுத்தி ரெண்டு சப்பாத்தியோடு விட்டுவிடுகிறார்கள், பெரியவர்களுக்குத் தசை கரைந்து இன்னும் தளர்ந்துபோகிறார்கள்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இதில் ஒளிந்திருக்கும் உப்பும் அந்தக் கணக்குதான். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இளநீரும் உப்புக்குப் பதிலாக விற்கிற பொட்டாசியம் உப்பும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நல்லது என்று நினைத்துப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாங்கி வருவது இளநீர்தான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூச்சு, கண், மனசு

பீடியும் விறகடுப்பும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்திருக்கும். விறகடுப்பிலேயே வாழ்ந்த, பீடியைத் தொடாத ஆயாக்களுக்கும் அதே மூச்சிறைப்பு வருகிறது. இன்ஹேலர் கடைசி வைத்தியம், பழகிவிடும் என்ற பயம் வேண்டாம், மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட அளவு மிகக் குறைவு. பெரியவர்களால் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, அதனால் நடுவில் மாட்டுகிற ஸ்பேசரைக் கேட்டு வாங்குங்கள். இழுத்ததும் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும், ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும். இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், சுகர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், புரைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, அது வேறு, இது வேறு. அதே சமயத்தில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள்.

ஆள் பேச்சைக் குறைத்துக்கொண்டார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், தூங்கவில்லை, "நான் எதுக்கு இருக்கணும்" என்கிறார் என்றால் அது வயசுக் கோளாறு இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் உண்டு. பணத்தை எங்கே வைத்தேன் என்று தேடுவது எல்லோருக்கும் வரும். பழகின தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது வேறு, அதைக் காட்ட வேண்டும்.

நேரம் கடத்தக் கூடாத நேரம்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது: பக்கவாதம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதிலும் முதல் மணியில் போனவருக்குக் கிடைக்கிற பலன் நாலாவது மணியில் போனவருக்குக் கிடைக்காது. ஒடுகத்தூர், அணைக்கட்டு மலையடிவாரத்திலிருந்து வருபவர்களுக்குப் பாதி நேரம் வழியிலேயே போய்விடும். அதனால் ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள், எங்கே என்று 108 ஊழியரிடமே கேளுங்கள். நடுவில் கிளினிக்கில் நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றுவது, எண்ணெய் தேய்ப்பது, வாயில் காபி ஊற்றுவது வேண்டாம்.

நெஞ்சு வலிக்கும் அப்படித்தான். சுகர் உள்ள பெரியவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சு வாங்கல், வாந்தி, திடீர்ச் சோர்வு என்று மட்டும் மாரடைப்பு வரலாம். கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால், இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், 2023லிருந்து இது நடக்கிறது.

அந்த நோட்டு, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்காதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கானது.

பிள்ளைகள் வெளியூரில் இருந்தால்

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகளே, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். வீடியோ காலில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காமல் காலையிலிருந்து என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியும் நோட்டு இருக்கும் இடமும் சொல்லி வையுங்கள். யாருமே இல்லாமல் தவிக்கிற பெரியவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது.

ஒரு வீட்டுக்கு வாங்கின பிரஷர் மிஷின் தெருவுக்கே ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு திண்ணையில் வைத்து, பெரியவர்கள் வந்து பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதிப் போகலாம், அந்த நேரத்திலேயே யாருக்கு மாத்திரை தீரப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் ஊருக்குத் தன்னார்வலர் வருவதில்லை, அல்லது மாத்திரை குறைவாக வருகிறது என்றால் தனியாகப் புலம்பாமல் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. சுகர், பிரஷர் உள்ளவர்கள் எத்தனை பேர், கடைசியாக எப்போது மாத்திரை வந்தது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதினார்களா என்று கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.